நிரைப்பலகைக் கடை வாசலில் ஒரு பலகை

வண்ணைவாசி
நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த நேரம் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியால் போனேன். அந்தப் பழைய புடவைக்கடை வாசலில் மும்மொழிப் பலகை நட்டிருக்கிறார்கள். எந்தக் கடை என்று பெரியகடைச் சந்தைப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். தூண், வளைவு, பழைமை எல்லாம் எழுதியிருக்கிறது. உள்ளே என்ன விற்றார்கள் என்று ஒரு வரி இல்லை.

அப்பப்பா அங்கே கணக்கப்பிள்ளை. கடை பூட்டும்போது, வாசலை அடைக்க வரிசையாகச் செருகும் நிரைப்பலகைகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொன்றிலும் தச்சர் உளியால் கோடு கொத்தியிருப்பார்: முதலாவதில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. ஒருநாள் ஐந்தையும் ஆறையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பலகை அதைச் செருகும் தவாளிப்புப் பள்ளத்தில் இறங்கவில்லை. முதலாளி ஏசவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, என் விரலைப் பிடித்துக் கோடுகளின் மேல் வைத்து எண்ண வைத்தார். இப்போது அங்கே இரும்பு ஷட்டர். அதற்கு முன்னால்தான் அந்த மும்மொழிப் பலகை.

நாவற்குழியார்
எங்கள் கடையிலும் நிரைப்பலகைதான். யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு அப்பா ஒவ்வொன்றாகப் போட்டு, குறுக்குக் கம்பி கொளுவி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் பாலம் பக்கம் நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தால் கூரை இல்லை, ஒரு பலகையும் இல்லை. பூட்டு மட்டும் பூட்டினபடி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா திறப்பைக் கையில் வைத்திருந்தார்.

சுண்ணாம்புச்சூளை
வண்ணைவாசி அண்ணை, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றா கவலை? நல்லூரில் உள்ள பழைய மாளிகை மந்திரிமனையிலும்தான் பலகை இருந்தது. 2025 செப்டெம்பர் மழைக்கு ஒரு பகுதி இடிந்து விழுந்ததே. நான் ஒருமுறை பெரியகடையில் ஒரு சுவரைத் தொட்டேன், கை முழுக்க மாவாகக் கொட்டியது. அவ்வளவுதான் என் கதை.

பழைய கட்டடம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், மேசன் சொன்னார் என்று சீமெந்து பூசாதீர்கள். முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். வெளியேற முடியாத ஈரத்தோடு உப்பும் உள்ளே நின்று கல்லை அரிக்கும். பூச்சு வடிவாக இருக்கும், கல் உள்ளே தூளாகிவிடும். நீற்றின சுண்ணாம்பைப் புளிக்க வைத்துப் பூசுங்கள். முதலில் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைத் திருத்துங்கள், கூரை ஒழுக்கை நிற்பாட்டுங்கள். பெயின்ற்றும் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

வண்ணைவாசி
தம்பி, நான் சுவர் பூசுவது பற்றிக் கேட்கவில்லை. 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்து போனதற்கு இங்கே ஒரு மணிக்கூட்டுக் கோபுரமே நிற்கிறது. ஐம்பது வருடம் சீலை அளந்தவர்களுக்கு ஒரு வரி கேட்டேன், அவ்வளவுதான். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது அதோடு எத்தனை கடை எரிந்தது? நூலகத்தைத்தான் எல்லாரும் சொல்கிறோம்.

சுண்ணாம்புச்சூளை
சுவர் நின்றால்தானே அண்ணை வரி எழுதலாம்.

ஓட்டுமடத்துப் பிள்ளை
சண்டை வேண்டாம். பஸ் நிலையப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் இருக்கிற வாங்குப் பலகை நிரைப்பலகை மாதிரியே இருக்கிறது. ஓரத்தில் உளிக் கோடுகள். நான்கு வரை எண்ணினேன். மிச்சத்தின் மேல் ஒரு ஐயா இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழும்பச் சொல்ல வெட்கமாக இருந்தது.