தொப்பூர் இறக்கத்தில் கியர் விழாமல் (சேராமல்) போனது யாருக்காவது நடந்திருக்கிறதா?

சேலத்து லாரி

11 வருஷம் ஆகிறது. இன்னும் தொப்பூர் வந்தால் கை தானாகக் கியர் ராடுக்குப் போகிறது.

அப்போது நான் கிளீனர். 12 சக்கர வண்டி, நாசிக் வெங்காயம் 24 டன், மதுரைக்கு. தர்மபுரி வந்ததும் ஓனர் போன் செய்து டீசல் கணக்கு கேட்டார். டிரைவர் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பாளையம் டோல்கேட் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் தட்டிவிட்டார்.

கொஞ்ச தூரம் வண்டி சத்தமே இல்லாமல் போனது. அப்புறம் பிரேக். மிதி, விடு, மிதி, விடு. லாரி பிரேக் ஏர் அழுத்தத்தில்தான் பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் புஸ் என்று அந்த ஏர் போகும். 8-ல் நின்ற ஏர் முள் 5-க்கு வந்துவிட்டது, பஸ்ஸர் கத்துகிறது, பிரேக் லைனர் கருகும் வாடை கேபினுக்குள் அடிக்கிறது. அண்ணன் கிளட்சை மிதித்து தேர்டுக்குத் தள்ளினார். கரகரவென்று பல் உரசியது, அவ்வளவுதான். மறுபடி தள்ளினார். "விழலடா, கியர் விழலடா" என்றார். 20 வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன், ஒன்றும் தெரியாத என்னைப் பார்த்துச் சொல்கிறார். அந்தக் குரல்தான் போக மாட்டேன் என்கிறது.

இரட்டைப் பாலத்துக்கு முன்பே இடது பக்க மண்மேட்டில் உரசி நிறுத்திவிட்டார். மூட்டைகள் சரிந்தன. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கரும்பு டிராக்டர்

லாரிக்காவது எல்லா அச்சுக்கும் பிரேக் இருக்கிறது. எங்கள் கரும்பு டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது. பின்னால் இருக்கிற அத்தனை பாரத்தையும் டிராக்டரின் ரெண்டு பெரிய சக்கரம்தான் பிடிக்க வேண்டும்.

ஏரிக்கரையிலிருந்து இறங்கும் பாதை. லோடு கட்டி முடிக்கவே இருட்டிவிட்டது, அந்த அவசரத்தில் வேகமாகப் போகிற ஹை செகண்ட் கியரிலேயே இறக்கிவிட்டேன். பாதியில் வேகம் கூடுவது தெரிந்து, லோவுக்கு மாற்றலாம் என்று கிளட்சை மிதித்தேன். அந்த நொடியில் இன்ஜின் பிடி போய்விட்டது. டிரெய்லர் தள்ள ஆரம்பித்தது. டிராக்டரில் ஓடும்போது கியர் மாற்றுவது லாரி மாதிரி இல்லையே, விழவே இல்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி இடது பக்கமாகத் திரும்புகிறது. டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று ரெண்டு பிரேக் பெடல். வயலில் ஓட்டிவிட்டு அந்த ரெண்டு பெடலையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியைப் போட மறந்திருக்கிறேன்.

டிராக்டர் குறுக்கே மடங்கிக்கொண்டே வந்து, என் முதுகில் கரும்புத் தோகை உரசியது. நின்றபோது அப்படித்தான் நின்றது, முதுகில் தோகை பட்டபடி. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் கோடு கோடாகக் கீறல்.

இப்போது மேட்டிலேயே நிறுத்தி லோ ஃபர்ஸ்ட் போட்ட பிறகுதான் இறக்குகிறேன். கீழே சமதரை வரும் வரை கிளட்ச் பக்கம் கால் போகாது.

ஈரோடு 3118

சேலத்து லாரி, டிரைவர் மேல் மட்டும் பழி விழுகிற மாதிரி எழுதாதீர்கள். மைலேஜ் குறைந்தால் எங்கள் படிக்காசில் பிடிப்பவர் யார்? நானும் நியூட்ரலில் இறங்கியவன்தான். வீட்டுக்கு ரெண்டாயிரம் அனுப்ப வேண்டிய மாதத்தில் லிட்டர் கணக்குதான் கண்ணில் நிற்கும். லோடு இருந்தால் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். காலி வண்டியில் நியூட்ரல் தப்பில்லை, எத்தனையோ வருஷமாகச் செய்கிறேன்.

பே ஏரியா தமிழன்

நான் லாரிக்காரன் இல்லை. பிக்கப் டிரக்கில் கேம்பர் டிரெய்லர் இழுப்பவன், சுமார் 2,700 கிலோ. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது ஐ-5 நெடுஞ்சாலையில் கிரேப்வைன் இறக்கம் வரும். 6 சதவீதச் சரிவு, மைல் கணக்கில் நீளும். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55 மைல்தான் உச்ச வேகம். நான் கியரை டி-யில் (டிரைவ்) விட்டுவிட்டு மகளோடு பேசிக்கொண்டே வந்தேன். ஆட்டோமேட்டிக் தானே, அது பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. அது மைலேஜுக்காக மேல் கியருக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பார்த்தால் 70. பிரேக்கை மிதிக்க மிதிக்க பெடல் பஞ்சு மாதிரி ஆகிறது. கண்ணாடியில் டிரெய்லர் வால் ஆட்டுகிறது.

மனைவிதான் "அந்த டோ-ஹால் பட்டன்னு ஒண்ணு சொன்னீங்களே" என்றார். பாரம் இழுக்கும்போது கியரைக் கீழே பிடித்துவைக்கிற பட்டன் அது. அமுக்கிவிட்டு அழுத்தி ஒரு பிரேக் போட்டேன். கியர் ஒவ்வொன்றாகத் தானே இறங்கியது. இன்ஜின் 4,000 சுற்றுக்குப் போய் அலறியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்ஜின் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் வண்டி 50-க்கு வந்து அதே வேகத்தில் நிதானமாக இறங்கியது. எது ஆபத்து என்று பயந்தேனோ அதுதான் எங்களைப் பிடித்து நிறுத்திய சத்தம்.

ஊரில் "ஏறின கியரிலேயே இறங்கு" என்பார்கள். அந்தக் காலத்து வண்டிக்கு அது பொருந்தும். இப்போதைய இன்ஜின் சக்தியில் நான் ஆறாவது கியரில் ஏறிவிடுகிறேன், இறங்க நாலாவது வேண்டியிருக்கிறது.

பட்டறைக்காரர்

என் கதை சின்னது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறக்கிக் கொண்டுவந்த ஒரு வண்டியை பண்ணாரியில் பார்த்தேன். பிரேக் டிரம் மேல் தண்ணீர் தெறித்ததும் சுரீர் என்றது. தண்ணீர் ஊற்றப் போன பையனைக் கையைப் பிடித்து இழுத்தேன். சூட்டில் ஊற்றினால் டிரம் விரிசல் விட்டுவிடும்.

ஈரோடு தம்பி, காலி வண்டியிலும் வேண்டாம். நீங்கள் மிச்சம் என்று நினைப்பது மிச்சமே இல்லை. கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அப்போது டீசல் போவதே நின்றுவிடும். பழைய பம்ப் வண்டியிலும் அப்படித்தான், புது வண்டியிலும் அப்படித்தான். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் குடிக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கு ஏர் அடைக்கிற கம்பிரசர் நின்றுவிடும், டேங்கில் இருக்கிற ஏர்தான் மிச்சம், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் இருக்கிறதே, அது புகை போகும் வழியை அடைத்து இன்ஜினைத் திணற வைப்பது. சக்கரத்தோடு கியர் சேர்ந்திருந்தால்தான் அந்தத் திணறல் சக்கரத்துக்குப் போகும். நியூட்ரலில் அதைப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. கியர் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு பிடிக்கும்.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்காதீர்கள். சூட்டில் டிரம் விரியும், லைனர் எட்டாது, ஏர் இருந்தும் பிரேக் பிடிக்காது. வேகம் கூடினால் அழுத்தி ஒரு மிதி, பத்து கிலோமீட்டர் குறைந்ததும் முழுசாக விடுங்கள், ஆறட்டும். பே ஏரியா தம்பி, ஏற்றத்திலும் டோ-ஹால் போடுங்கள். இல்லையென்றால் கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்து கியர்பாக்ஸ் ஆயில் கொதித்துவிடும். கரும்பு டிராக்டர், பெடல் கொக்கியை வீட்டிலிருந்து கிளம்பும்போதே போடுங்கள்.

சேலத்துத் தம்பி கேட்டதற்கு வருகிறேன். தேர்டு எப்படி விழும்? வண்டி அப்போது என்ன வேகம்? 80 இருந்திருந்தால், அந்த வேகத்துக்குத் தேர்டு சேர இன்ஜின் அதன் எல்லையைத் தாண்டிச் சுற்ற வேண்டும். பல் உரசத்தான் செய்யும். ஆக்சிலரேட்டரை மிதித்து இன்ஜின் சுற்றைக் கூட்டி டாப் கியரைத் தள்ளியிருந்தால் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அங்கிருந்து ஒவ்வொன்றாக இறக்கியிருக்கலாம்.

சேலத்து லாரி

பட்டறை அண்ணா, நான் ஏர் முள்ளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் என்ன என்று தெரியாது. 80-க்குக் குறையாது.

அண்ணன் ரெண்டு தடவையும் தேர்டுக்குத்தான் தள்ளினார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாப்பை அவர் தொடவே இல்லை.

அவர் இப்போது ஓமலூர் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அந்த வழியாகத்தான் லோடு. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.