இரண்டாண்டு அனுபவத்தோடு சி.ஐ.எஸ்.எஸ்.பி. எழுதலாமா?

பதிவேடு:
சென்னையில் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் இரண்டாண்டுகளாக வேலை பார்க்கிறேன். கணினி அறிவியல் பட்டம் இருக்கிறது. தகவல் பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழ்த் தேர்வை இப்போதே எழுதிவிடலாமா? கட்டணம் 749 டாலர் என்பதால் யோசிக்கிறேன்.

ஓட்டைதேடி:
வேண்டாம் தம்பி. அந்தச் சான்றிதழைத் தரும் ஐ.எஸ்.சி.2 அமைப்பு ஐந்தாண்டுப் பணி அனுபவம் கேட்கிறது. பட்டத்துக்காக ஓராண்டைக் கழித்தாலும் உங்களுக்கு இன்னும் இரண்டாண்டு குறைகிறது. அதுவரை, தேர்வில் தேறினாலும் 'அசோசியேட்' என்ற நிலைதான். பெயருக்குப் பின்னால் அந்த ஐந்து எழுத்தைப் போட்டுக்கொள்ள முடியாது, ஆண்டுச் சந்தாவை மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதில், அனுமதியோடு ஊடுருவிச் சோதிப்பவர்களுக்கான சான்றிதழான ஓ.எஸ்.சி.பி.க்குத் தயாராகுங்கள். அங்கே 23 மணி 45 நிமிட நேரத்துக்குள் இயந்திரங்களில் ஊடுருவிக் காட்டி, அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கையும் எழுதித் தர வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தப்பித்துவிட முடியாது.

தணிக்கைமேசை:
சி.ஐ.எஸ்.எஸ்.பி.யில் விடையைத் தேர்ந்தெடுப்பது எளிது என்று நினைப்பவர்கள் அந்தத் தேர்வு அறைக்குள் போகாதவர்கள். மூன்று மணி நேரத்தில் 100 முதல் 150 கேள்விகள்; நம் விடையைப் பொறுத்தே அடுத்த கேள்வியின் கடினம் அமையும், கடந்துபோன கேள்விக்குத் திரும்பவும் முடியாது. நான்கு விடைகளுமே சரியாக இருக்கும். முதலில் செய்ய வேண்டியது எது என்பதுதான் கேள்வி. ஓர் உதாரணம் சொல்கிறேன். 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு சர்வர் தாக்கப்பட்டால் அதில் கால்பங்கு இழப்பு ஏற்படும், அப்படியொரு தாக்குதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நேரும் என்றால், ஆண்டு இழப்பு ஒரு லட்சம். அதைக் காக்க ஆண்டுக்கு மூன்று லட்சம் செலவாகும் கருவியை வாங்கச் சொல்பவர், எவ்வளவு திறமையான ஊடுருவல் சோதனையாளராக இருந்தாலும், நிறுவனத்துக்கு நட்டம்தான் செய்கிறார்.

ஓட்டைதேடி:
மேடம், அந்த 'ஐந்தாண்டுக்கு ஒருமுறை' எங்கிருந்து வந்தது? 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற மென்பொருள் ஓட்டை வெளிவந்ததற்கு முந்தைய வாரம், அதற்கு எந்த எண்ணை உங்கள் கணக்கில் போட்டிருப்பீர்கள்? ஊகத்தைப் பெருக்கினால் பெரிய ஊகம்தான் கிடைக்கும்.

தணிக்கைமேசை:
எண் ஊகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊகத்தைத் தாளில் எழுதி மேலாளர் முன்னால் வைத்தால்தான் அதை யாராவது மறுக்க முடியும். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இணையச் செயலி மென்பொருளின் ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது. மே மாதம் தாக்குபவர்கள் தரவை அள்ளத் தொடங்கினார்கள், சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. திருத்தம் போடச் சொன்ன மின்னஞ்சல் போன முகவரிப் பட்டியல் பழையது. எந்த மென்பொருள் எந்த சர்வரில் ஓடுகிறது என்பதற்கு முழுமையான பதிவே இல்லை. வலைப்பின்னல் போக்குவரத்தைச் சோதிக்கும் கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால், தரவு வெளியேறியது கண்ணில் படவில்லை. இவற்றில் எதுவும் ஊடுருவத் தெரியாததால் வந்த குறை அல்ல. நிர்வாகக் குறை, இந்தப் பாடத்திட்டம் சொல்லித்தருவது அதைத்தான்.

ஓட்டைதேடி:
நல்ல உதாரணம்தான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த ஓட்டை இருக்கிறதா என்று தேடும் ஸ்கேனும் அவர்கள் ஓட்டினார்கள். பாதிக்கப்பட்ட உட்கோப்புறையைப் பார்க்காமல் மேல்மட்டத்தை மட்டும் பார்த்ததால் அது எதையும் காட்டவில்லை. கொள்கை இருந்தது, கருவி இருந்தது, 'சரிபார்த்தாயிற்று' என்று குறிக்கவும் ஆள் இருந்தார். கையால் ஒருமுறை முயன்று பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். தாளை நம்பும் பழக்கத்தைத்தான் நான் குறை சொல்கிறேன்.

தணிக்கைமேசை:
பதிவில் இல்லாத சர்வரை உங்கள் கை எப்படித் தொடும்?

ஓட்டைதேடி:
பதிவில் இல்லாததைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் முதல் வேலை மேடம்.

பதிவேடு:
இருவரும் மன்னிக்க வேண்டும், என் கேள்வி அப்படியே நிற்கிறது. இப்போது எழுதித் தேறினால் அனுபவத்தை நிறைவுசெய்ய எவ்வளவு காலம் தருவார்கள்?

தணிக்கைமேசை:
ஆறாண்டு. ஆனால் தம்பி, உங்களுக்கு ஆண்டுக் கணக்கைவிட வேறொன்று முக்கியம். அனுபவம் எட்டுப் பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டிலாவது இருக்க வேண்டும். எச்சரிக்கைகளைப் பார்த்து டிக்கெட் (பணிக்குறிப்பு) போடுவது மட்டுமே வேலை என்றால் எல்லாமே பாதுகாப்புச் செயல்பாடுகள் என்ற ஒரே பிரிவில் அடங்கிவிடும், அப்படியே பத்தாண்டு இருந்தாலும் போதாது. பணியாளர்களுக்கு யார் யாருக்கு எந்த அனுமதி என்று மூன்று மாதத்துக்கொருமுறை நடக்கும் சரிபார்ப்பு உங்கள் நிறுவனத்தில் இருந்தால், அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், அந்த வேலை இன்னொரு பிரிவில் சேரும். தேறியபின் விண்ணப்பத்தை ஏற்கனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். நீங்கள் செய்த வேலையை அறிந்தவராக இருந்தால் நல்லது.

ஓட்டைதேடி:
இதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சரிபார்ப்பில் சேர்ந்ததும், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் இன்னும் திறக்கின்றனவா என்று, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, நீங்களே முயன்று பாருங்கள்.