இஞ்சி பீர்ல நுரை அமுங்கிருச்சு, இப்ப பாட்டில்ல ஊத்தலாமுங்களா?

கோபி வாய்க்கால்:
வணக்கமுங்க. முதல் தடவையா ஊட்டுல இஞ்சி பீர் போட்டிருக்கேன், 5 லிட்டர். இஞ்சி துருவி சக்கரை போட்டு ஒரு வாரம் வளத்துன ஜிஞ்சர் பக் (புளிக்க வெக்கற உறை மாதிரி), அப்புறம் கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை லிட்டருக்கு 100 கிராம், எலுமிச்சை, எல்லாம் கலந்து ஜாடில துணி கட்டி வெச்சேன். ரெண்டாம் நாள் ஜாடி வாய் வரைக்கும் நுரை பொங்குச்சு, இன்னைக்கு மூணாம் நாள் காலைல பாத்தா அமுங்கி கெடக்கு, காதை வெச்சா மட்டும் சிர்ர்ருனு சத்தம் வருது. இனிப்பு இன்னும் இருக்கு. லண்டன்ல ஊட்டுலயே பீர் போடற சிநேகிதன், ஹைட்ரோமீட்டர்ல (சக்கரைத் தண்ணியோட அடர்த்தி அளக்கற கருவி) மூணு நாள் ஒரே ரீடிங் வந்தாத்தான் ஊத்தோணும்ங்கறான். ஞாயித்துக்கெழம நோம்பிக்கு ஒறம்பரை வர்றாங்க, கொழந்தைகளும் குடிக்கும். என்ன பண்றதுங்க?

ஆனைமலை அடிவாரம்:
தம்பி, சிநேகிதன் சொல்றது பீருக்கு சரி. அதுல ஈஸ்ட் திங்கற சக்கரையெல்லாம் தின்னு முடிச்ச பொறகு லிட்டருக்கு 6, 7 கிராம் அளந்து போட்டு மூடுவாங்க, அதுக்கு மேல கேஸ் வராது. நாம இனிப்பு இருக்கறப்பவே மூடறோம், அதனால நுரைய பாத்து முடிவு பண்ணாதீங்க, நுரை அமுங்குனாலும் உள்ள வேலை நடந்துட்டேதான் இருக்கும். 4 கிராம் சக்கரை புளிச்சாலே ஒரு லிட்டர் கேஸ் கிட்ட வரும், உங்க ஜாடில எத்தனை மிச்சம் இருக்குனு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

எங்கூட்டுல ஒரு சித்திரை மாசம் சதுர கண்ணாடி பாட்டில்ல ஊத்தி அலமாரில வெச்சுட்டு தூங்கிட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்கு வெடிச்சுது பாருங்க, கண்ணாடிச் சில்லு அரிசி டப்பாக்குள்ள வரைக்கும் போயி 10 கிலோ அரிசிய அப்படியே கொட்டுனோம். பகல்ல கொழந்தைக அங்கதான் வெளையாடும், இன்னும் நெனச்சா படபடங்குது.

இன்னைக்கே வடிகட்டி ஊத்துங்க, ஆனா சோடா வர்ற பிளாஸ்டிக் பாட்டில்ல. மேல ரெண்டு விரக்கடை எடம் விடுங்க. காலைல, மத்தியானம், பொழுதோட அமுக்கி பாருங்க, விரல் எறங்காம கல்லாட்டம் ஆன உடனே அத்தனையும் ஃப்ரிட்ஜ்ல. இந்த வெயிலுக்கு ஒரே நாள்ல கூட ஆயிரும்.

நொய்யல் கரை:
அக்கா சொல்றதுதான் சரி. ஹைட்ரோமீட்டரும் வீண் இல்லீங்க, நான் சாயப்பட்டறைல காஸ்டிக் அளந்து பழகுனவன். (பட்டறைல முக்குனத தயவு செஞ்சு ஊட்டுக்கு கொண்டு வராதீங்க, தனியா புதுசு வாங்குங்க.) லிட்டருக்கு 100 கிராம்னா ஆரம்பத்துல 1.040 சுமாருக்கு காட்டியிருக்கும் (வெறும் தண்ணி 1.000, சக்கரை கரைஞ்சா ஏறும், அது புளிச்சு ஆல்கஹால் ஆக ஆக எறங்கும்). இஞ்சி நார வடிகட்டி, நல்லா கலக்கி கேஸ் போன பொறகு அளக்கோணும், கொமிழி ஒட்டுனா மீட்டர் மேல தூக்கிரும். 20 டிகிரிக்கு செஞ்ச மீட்டர் நம்மூரு 30 டிகிரில ரெண்டு மூணு புள்ளி (0.002, 0.003) கொறச்சு காட்டும், அதையும் சேத்துக்கங்க.

முக்கியமா ஒண்ணு. 1.040 இருந்து 1.036 எறங்குனாலே அரை சதவீதம் ஆல்கஹால் வந்துருச்சுனு அர்த்தம். நீங்க மூணு நாள் பொங்க விட்டிருக்கீங்க, அதுக்கு மேலயே போயிருக்கும். ஃப்ரிட்ஜ்ல வெச்சா அதுக்கு மேல ஏறறது கொறையுமே தவிர வந்தது போகாது. கொழந்தைகளுக்கு இத குடுக்காதீங்க. இஞ்சியும் நாட்டுச்சக்கரையும் கொதிக்க வெச்சு பாகு எடுத்து, குடிக்கறப்ப சோடாவும் எலுமிச்சையும் ஊத்தி குடுங்க.

கோபி வாய்க்கால்:
ரொம்ப நன்றிங்க்கா, நன்றிங்ணா. வடிகட்டி எட்டு பாட்டில்ல ஊத்தியாச்சு. மத்தியானம் அமுக்குனா பொதபொதனு இருந்துச்சு, பொழுதோட விரல் எறங்கல, எல்லாம் ஃப்ரிட்ஜுக்கு போயிருச்சு. ராத்திரி ஒண்ண தொறந்தேன், புஸ்ஸுனு வந்துச்சு, பொங்கி வழியல. பொடுசுகளுக்கு பாகு அடுப்புல கொதிச்சுட்டு இருக்கு.