முன்னாள் போராளிகளின் வாய்மொழி: குரலைப் பதியலாமா, எழுத்து போதுமா?

முத்தையன்கட்டு:
1997இல் வன்னியில் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கைக் காலத்தைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகினம். வன்னியில் இனியும் பிந்தக்கூடாது. கைபேசியில் பதிய வேண்டாம். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று அது தணிந்த குரலையும் வெட்டிவிடும். தனி ஒலிப்பதிவுக் கருவியில் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒற்றைத் தடமென்றால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட். மைக்கைச் சட்டையில், வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கோ. மின்விசிறியை நிறுத்துங்கோ. தகரக் கூரை வீடென்றால் மாரிக்கு முதல் முடிக்க வேணும், மழை விழுந்தால் ஒரு சொல்லும் மிஞ்சாது.

பாலைமரம்:
குரல் தெளிவென்றால் ஆளும் தெளிவு. வட அயர்லாந்தில் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களின் கதைகளை 2001 முதல் 2006 வரை அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரிக்காகப் பதிந்தார்கள். சொன்னவர் சாகும்வரை திறக்கமாட்டோம் என்பது வாக்குறுதி. சட்டம் குறுக்கிட்டால் அது செல்லாது என்பது அவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் இல்லை. 2011இல் அழைப்பாணை வந்தது, சில பதிவுகள் வட அயர்லாந்துப் பொலிசின் கைக்குப் போயின. இங்கே, இலங்கையில், பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்து 1982இல் நிரந்தரமானது. இதற்குள் குரலை வைத்து யாரைக் காப்பாற்றப் போறியள்? பெயர் மாற்றிக் கையால் எழுதி, அன்றைக்கே வாசித்துக் காட்டித் திருத்துங்கோ. அது போதும்.

முத்தையன்கட்டு:
போதாது அண்ணை. கேட்டவர் விளங்கிக்கொண்டதுதான் கொப்பியில் இருக்கும், சொன்னவரின் சொல் இராது. பிறகு சந்தேகம் வந்தால் ஒத்துப்பார்க்க ஒன்றும் இல்லை. கொப்பிக்குப் பூட்டும் இல்லை, கடவுச்சொல் போட்ட கோப்பை விட அது லேசாக அடுத்தவர் கைக்குப் போகும்.

நந்திக்கடல்:
இரண்டு பேரும் கேள்வியை விட்டிட்டியள். 2009 இறுதிப் போரைப் பற்றித் திகதி கேட்டால் கதை குழம்பும். இடத்தைக் கேளுங்கோ: தருமபுரத்துக்குப் பிறகு எங்கே, விசுவமடுவா, உடையார்கட்டா, அப்போது ஆர் ஆர் கூட இருந்தது? இடம்பெயர்ந்த வரிசையில் போனால் மாத்தளன், முள்ளிவாய்க்கால் வரை தானாக வரும். கருவியைப் போட முதல் கால்மணித்தியாலம் சும்மா கதைத்து, ஆரின் பெயர்கள் வரும் என்று அறியுங்கோ. அவர்களில் உயிரோடிருக்கிறவர்களிடம் ஒருத்தரும் சம்மதம் கேட்கவில்லை. எனக்குப் பெரிய பயம் அதுதான். குரலின் சுருதியை மாற்றி வெளியிடுவதும் பாதுகாப்பில்லை, திரும்ப மாற்றலாம்.

பாலைமரம்:
அதைத்தான் சொல்லுறன். கடவுச்சொல்லும் ஒருத்தரிடம் இருந்தால் அவரோடு போய்விடும், பலரிடம் இருந்தால் பூட்டே இல்லை. ஒரு நிபந்தனையோடு குரலுக்கு உடன்படுவேன்: எழுத்தாக்கிச் சரிபார்த்த பிறகு ஒலியை வைக்கிறதா அழிக்கிறதா என்று சொன்னவரே தீர்மானிக்க வேணும். பதிய முதல் ஒருக்கால், முழுக்கக் கேட்ட பிறகு ஒருக்கால், இரண்டு தரம் கேளுங்கோ.

முத்தையன்கட்டு:
ஏற்கிறேன். ஆனால் ஒரு மணித்தியாலப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும், அந்த நாள்கள் முழுக்க ஒலி எங்கேயோ இருந்தாக வேணும். இணையத் தொடர்பில்லாத ஒரே கணினியில் வையுங்கோ. அழிக்கச் சொன்னால் நினைவட்டையில் கோப்பை நீக்கினால் போதாது, மீட்டெடுக்கலாம். அட்டையையே நொறுக்குங்கோ. கணினிக்குள்ளும் ஒரு பிரதி கிடக்கும், அதை மறந்துதான் கனபேர் பிழைவிடுகினம்.