பதின்ம வயதில் எடைக் குறைப்பு: ஓட்டம், வெயிட், சாப்பாடு மூன்றும் சேர்ந்தால் (சேலம் அனுபவங்கள்)

பி.டி. ஆசிரியர், அஸ்தம்பட்டி

முழுப் பரீட்சை லீவு விட்டதும் காந்தி ஸ்டேடியத்தில் புது முகங்கள் வரும். முதல் நாளே 400 மீட்டர் ட்ராக்கில் மூச்சு முட்ட ஐந்தாறு சுற்று. அடுத்த வாரம் ஆளைக் காணோம். சோம்பேறித்தனம் இல்லைங்க, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி எடுத்திருக்கும். உடம்பு கனம், தேய்ந்த ஸ்கூல் ஷூ, திடீர் ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் வருகிற வலி அது.

அதனால் இப்படி ஆரம்பியுங்கள்: ஐந்து நிமிஷம் வேக நடை. பிறகு 1 நிமிஷம் மெதுவோட்டம், 2 நிமிஷம் நடை என்று எட்டு முறை. கடைசியில் ஐந்து நிமிஷம் நடை. மொத்தம் 34 நிமிஷம். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியணும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம், வாட்ச் எல்லாம் வேண்டாம். வலி இல்லாமல் இரண்டு வாரம் போனால் மட்டும் ஓட்டத்தை அரை நிமிஷம் கூட்டுங்கள். சிமெண்ட் ரோட்டைவிட மண் தரை நல்லது. ஏப்ரல், மே மாதத்தில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடணும்.

5 முதல் 17 வயது வரை நாளைக்குச் சராசரி 60 நிமிஷம் ஓடியாடணும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரே மூச்சில் 60 நிமிஷம் தேவையில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருந்தாலே பாதி தேறும்.

ஜிம் பயிற்சியாளர், ஐந்து ரோடு

"வெயிட் தூக்கினால் வளர்த்தி நின்னுடுமா?" என்று கேட்காத அப்பா அம்மா கிடையாது. நிற்காது. எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளுகிற இடம்) இருப்பது உண்மை. அது அடிபடுவது மேற்பார்வை இல்லாமல், நண்பனிடம் பந்தயம் கட்டி, தாங்காத எடையை ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்க்கும்போது. அதனால் இந்த வயதில் "எவ்வளவு மேக்ஸிமம் தூக்குவே" என்ற பேச்சே கூடாது.

வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. இடுப்பு, கால், தள்ளுவது, இழுப்பது இந்த நான்கும் இருந்தால் போதும். பைசெப்ஸ் தனியாகச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை (பையன்கள் கேட்க மாட்டார்கள், அது வேறு). ஒவ்வொன்றிலும் 2 அல்லது 3 செட், செட்டுக்கு 10 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு மூன்று தடவை முடியும் என்ற நிலையிலேயே நிறுத்தணும்.

வீட்டிலேயே செய்யலாம். 5 லிட்டர் தண்ணீர் கேன் கிட்டத்தட்ட 5 கிலோ. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழுவது. பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, பின்புறம் அதைத் தொட்டதும் எழணும். எழும்போது மூச்சை விடணும். இரண்டு தப்பு வரும். முட்டி உள்பக்கம் சாய்வது ஒன்று: பெரும்பாலும் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலமில்லை என்று அர்த்தம், எடையைக் குறைத்து முட்டியைக் கால்விரல் பார்க்கும் திசையிலேயே தள்ளச் சொல்லுங்கள். குதிகால் தூக்குவது இன்னொன்று: கணுக்கால் இறுக்கம், ஸ்டூலை உயரமாக்கினால் சரியாகும். புஷ்-அப் தரையில் வராது. முதலில் சுவரில், பிறகு மேஜை விளிம்பில், அப்புறம் தரைக்கு வாங்க. இழுப்பதற்கு ஸ்கூல் பேக்கில் புத்தகம் அடுக்கி, ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முதுகை நேராக வைத்து இழுத்தால் ஆயிற்று. மூன்று செட்டும் 12 சுத்தமாக வந்த பிறகு 1 கிலோ ஏற்றுங்கள்.

ஒரே நாளில் இரண்டும் செய்வதானால் வெயிட் முதலில், ஓட்டம் பிறகு. கால் துவண்ட பிறகு ஸ்குவாட் போட்டால் முதுகு வளையும். ஓட்டம் மட்டுமே, கூடவே அரைப் பட்டினி என்றால் கொழுப்போடு தசையும் கரையும். எடை மெஷின் சந்தோஷப்படும், பையன் துவண்டு கிடப்பான். கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கிற ஃபேட் பர்னர் மாத்திரை பக்கமே போக வேண்டாம்.

உணவு ஆலோசகர், ஃபேர்லேண்ட்ஸ்

வளர்கிற பிள்ளைக்கு எடை இறங்கியே ஆகணும் என்பதில்லை. 160 செ.மீ. உயரம், 75 கிலோ என்றால் பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 29.3. எடை அப்படியே நிற்க உயரம் 165 ஆனால் 27.5. ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஆனால் வேலை நடந்திருக்கிறது. எடையோடு சேர்த்து மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள். உயரத்தில் பாதிக்குக் கீழே வரணும். வெயிட் ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் தசையில் நீர் கோத்து எடை கொஞ்சம் ஏறலாம். அதைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைப்பதுதான் பெரிய சறுக்கல்.

தட்டில் கை வைப்பதற்கு முன்னால் டம்ளரில் கை வையுங்கள். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. டியூஷன் முடிந்து குடிக்கிற சாத்துக்குடி ஜூஸில் கடைக்காரர் போடும் சீனியும் லேசுப்பட்டதில்லை. அடுத்தது எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 120 கலோரி. நாலு பேர் வீட்டில் மாதம் இரண்டரை லிட்டர் என்றால் தலைக்கு நாளைக்கு 20 மில்லி சொச்சம். ஐந்து லிட்டர் டின் மாதக் கடைசியில் காலியானால், பிள்ளையைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

தட்டுவடை செட்டை (தட்டைக்கு நடுவே காய் வைத்த சேலத்துத் தின்பண்டம்) நிறுத்தச் சொல்ல மாட்டேன். சேலத்தில் இருந்துகொண்டு அது நடக்காது. வாரம் ஒரு நாள், ஒரு பிளேட், காய் தூக்கலாக. ஆனால் "குளிர்ச்சி" என்று வெயில் காலத்தில் தினமும் கொடுக்கிற ஜவ்வரிசிக் கஞ்சியை நிறுத்துங்கள். ஜவ்வரிசி மரவள்ளி மாவுச்சத்து மட்டுமே. 100 கிராமில் சுமார் 350 கலோரி, புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. ராகிக்களி தின்றால் இளைக்கும் என்பதும் பாதி உண்மைதான். சுண்ணாம்புச்சத்து அதிகம், நல்லது. கலோரியில் மட்டும் அரிசிக்கு அண்ணன் தம்பி. உருண்டை அளவுதான் முக்கியம். கொள்ளு ரசம் கொழுப்பை உருக்காது. கொள்ளுச் சுண்டலாகத் தின்றால் புரதம் கிடைக்கும், அந்த லாபம் போதும்.

புரதம் நாளைக்கு 50–60 கிராம். இரண்டு முட்டை 12, ஒரு கப் கெட்டிப் பருப்பு 8, ஒரு கிண்ணம் சுண்டல் 8, பால், தயிர் சேர்ந்து 12. மீதி இட்லியிலும் சோற்றிலுமே வந்துவிடும். பவுடர் டப்பா எதற்கு? காலைச் சாப்பாட்டை விட்டால் சாயங்காலம் பேக்கரியில் வட்டியோடு வாங்குவார்கள். பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்தைப் பாருங்கள், சாப்பிட்ட உடனே டீ வேண்டாம். தூக்கம் 8 மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசி தாறுமாறாகும்.

சைக்கிள் பயிற்சியாளர், ஏற்காடு

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்கு. 20 கொண்டை ஊசி வளைவையும் முதல் தடவையே மிதிக்க வைக்காதீர்கள். அடிவாரத்தில் ஆரம்பித்து மூன்றாவது நான்காவது வளைவில் திரும்புவது போதும். லேசான கியர், உட்கார்ந்தே மிதிக்கணும். நின்று அழுத்தினால் முட்டி போகும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் கொதிக்கும். வளைவுக்கு முன்னால் பிடித்து, வளைவில் விடணும்.

நடப்பதானால் ஏரியைச் சுற்றி நடக்கட்டும், சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளுமை. மலை இறங்கி நடப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது இறக்கத்தால்தான்.

பி.டி. ஆசிரியர், அஸ்தம்பட்டி

குமரகிரி மலைக் கோயில் படிக்கட்டுக்கும் அதே கதைதான். ஏறும்போது வேகமா ஏறட்டும், இறங்கும்போது நிதானம்.

பிசியோதெரபிஸ்ட், சூரமங்கலம்

முட்டி வலி பேச்சு வந்ததால் ஒன்று. பருமனான பிள்ளை "முட்டி வலிக்குது" என்று நொண்டி நடந்தால், முட்டியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். பத்து முதல் பதினாறு வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டில் நழுவுவது உண்டு, வலி மட்டும் முட்டியில் தெரியும். காலை ஊன்றவே விடாமல் அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போங்கள். தைலம் தேய்த்து ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

பின்கழுத்தும் அக்குளும் தேய்த்தாலும் போகாமல் கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, கல்லீரல் டெஸ்டுக்குக் குழந்தை டாக்டரைப் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப் போகிற பெண்ணானால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.