ஏர்ஃப்ளோ டேட்டாபேஸை முதல்முறை உருவாக்கியபோது நீங்கள் பட்ட பாடு என்ன?

லினக்ஸ் சர்வரில் ஏர்ஃப்ளோ (வேலைகளைக் குறித்த நேரத்தில் வரிசையாக ஓட்டும் மென்பொருள்) நிறுவியவர்கள் எழுதுங்கள், நான் ஆரம்பிக்கிறேன். எங்கள் கைக்கு வந்த சர்வரில் டேட்டாபேஸ் உருவாக்கும் கட்டளையை ஏற்கனவே யாரோ ஓட்டியிருந்தார்கள், பிழை எதுவும் இல்லை. ஆனால் சர்வீஸைக் கிளப்பினால் ஷெட்யூலர் "டேட்டாபேஸை முதலில் இனிஷியலைஸ் செய்" என்று சொல்லிவிட்டு உடனே படுத்துவிடும். லாகை எவ்வளவு புரட்டினாலும் அதே வரிதான்.

விஷயம் இதுதான்: கட்டளையை ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி யூசராக, ஓட்டியிருக்கிறார்கள். ஏர்ஃப்ளோவின் ஃபோல்டர் எது என்று சொல்லும் ஏர்ஃப்ளோ_ஹோம் என்ற என்விரான்மென்ட் மாறி இல்லாவிட்டால், ஓட்டுகிற யூசரின் ஹோம் டைரக்டரிக்குள் ஏர்ஃப்ளோ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, புதிதாக ஒரு கான்ஃபிக் ஃபைலையும் எஸ்க்யூலைட் என்ற ஒற்றை ஃபைல் டேட்டாபேஸையும் அதுவே உருவாக்கிக்கொள்ளும், சத்தமே இருக்காது. சர்வீஸ் ஓடுவது வேறு யூசரில், அது பார்ப்பது போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸை. அங்கே ஒரு டேபிள்கூட இல்லை!

வேறு யூசராகக் கட்டளை ஓட்ட உதவும் சூடோ போட்டு யூசரை மாற்றினாலும் முழுதாக நம்பாதீர்கள், அது வழக்கமாக நம் மாறிகளைக் கழற்றிவிட்டுத்தான் போகும். சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டி, நாம் மாறிகளை எழுதி வைக்கும் பாஷ்ஆர்சி ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதற்கு யூனிட் ஃபைலில் தனியாக என்விரான்மென்ட்ஃபைல் வரி வேண்டும். இப்போதெல்லாம் நான் முதலில் சர்வீஸ் யூசராக மாறி, கான்ஃபிக் கெட்-வேல்யூ கொடுத்து எந்த டேட்டாபேஸ் முகவரி வருகிறது என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

*

எங்களுக்கு முகவரி சரியாகவே இருந்தது, ஆனால் பப்ளிக் ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் டேபிள்கள் இருக்கும் இயல்பான பகுதி) அனுமதி இல்லை என்று நின்றுவிட்டது. பழைய சர்வரில் அதே ஸ்கிரிப்ட் ஓடியது என்பதால்தான் குழப்பம். போஸ்ட்கிரெஸ் 14 வரை எந்த யூசரும் பப்ளிக் ஸ்கீமாவில் டேபிள் போடலாம், 15இல் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். டேட்டாபேஸின் ஓனராக ஏர்ஃப்ளோ யூசரையே வைத்துவிட்டால் போதும். இணையத்தில் சிலர் சூப்பர்யூசர் உரிமையே கொடுக்கச் சொல்கிறார்கள், வேண்டவே வேண்டாம்.

*

மேலே இருவரும் சொன்னதோடு ஒன்று. பழைய 1.10இல் இனிட்டிபி, 2இல் டிபி இனிட், 2.7 முதல் டிபி மைக்ரேட் என்று கட்டளை மாறிக்கொண்டே வந்திருக்கிறது, அதனால் பழைய குறிப்பைப் பார்த்து அப்படியே அடிக்க முடியாது. டிபி இனிட், உதாரணத்துக்கான சில கனெக்ஷன்களையும் சேர்த்தே போடும், மைக்ரேட் போடாது. கனெக்ஷன்கள் இல்லாதது பிழை என்று நினைத்து ஒருவர் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவியதைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

மைக்ரேட்டை எத்தனை முறை ஓட்டினாலும் டேட்டா அழியாது. ரீசெட் அப்படி இல்லை, ரன் ஹிஸ்டரி, கனெக்ஷன், வேரியபிள் எல்லாம் போய்விடும். எனக்கு வந்த டிப்ளாய் ஸ்கிரிப்ட் ஒன்றில் ரீசெட் இருந்தது, அதுவும் கேள்வி கேட்காமல் ஓடும் மைனஸ் ஒய்யோடு. எழுதியவருக்கு டெஸ்ட் சர்வரில் வசதியாக இருந்திருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட்களில் அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை கிரெப் (ஃபைல்களுக்குள் சொல்லைத் தேடும் கட்டளை) போட்டுப் பாருங்கள்.