புதுப்பிப்பு: இரவு பேட்ச் ஏன் இழுத்தது என்று தெரிந்துவிட்டது

மெயின்ஃப்ரேமில் (நிறுவனங்களின் பெரிய மையக் கணினி) இரவு பேட்ச், அதாவது இரவில் மொத்தமாக ஓடும் ஜாப்கள், முடியாமல் இழுக்கிறது, சிபியுவோ பாதிதான் ஓடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். டிஸ்க்கைப் பாருங்கள் என்றார்கள் பலர். பார்த்தேன், எஸ்எம்எஃப் (மெயின்ஃப்ரேம் தன் இயக்கத்தைத் தானே பதியும் லாக்) டைப் 74 ரெக்கார்டுகளில் டிஸ்க் ரெஸ்பான்ஸ் நேரம் நன்றாகவே இருந்தது.

வேலைகள் எதற்காகக் காத்திருந்தன என்று காட்டும் டைப் 72-இல்தான் துப்பு கிடைத்தது: பேட்ச் சர்வீஸ் கிளாஸ் (ஒரே முன்னுரிமை இலக்குள்ள வேலைக் குழு) பெரும்பாலும் சிபியுவுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. பாதி காலியாக இருக்கும் சிபியுவுக்கா? அப்புறம் சிபியு விவரம் உள்ள டைப் 70-ஐப் பிரித்தால், எங்கள் எல்பாருக்கு (மெயின்ஃப்ரேமில் எங்களுக்குப் பிரித்துத் தந்த பகுதி) கேப், அதாவது சிபியு உச்சவரம்பு, விழுந்திருக்கிறது! கடைசி 4 மணி நேரச் சராசரி எம்எஸ்யு (சிபியு பயன்பாட்டின் அளவு), எல்பாருக்கு வரையறுத்த கெபாசிட்டியைத் தாண்டினால் டபிள்யூஎல்எம் (வேலைகளுக்கு சிபியுவைப் பங்கிடும் மென்பொருள்) சிபியுவைக் குறைத்துவிடும். மாலை ரிப்போர்ட் ஜாப்கள் வாங்கிய கடனுக்கு இரவு பேட்ச் வட்டி கட்டியிருக்கிறது.

ரிப்போர்ட்டுகளை விடியற்காலைக்குத் தள்ளியாயிற்று, பேட்ச் நேரத்துக்கு முடிகிறது. கெபாசிட்டியை உயர்த்தியிருக்கலாம்தான், சாஃப்ட்வேர் லைசன்ஸ் பில்லும் கூடவே ஏறும், அதற்கு மேலிடம் சம்மதிக்காது.